மறைந்த சக ஊழியரின் நினைவாக ஒரு மலை நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடன் வேலை பார்த்த ஒருவர் இறந்துவிட்டார். அவர் நினைவாக எல்லோரும் சேர்ந்து ஒரு மலை ஏறி, அதன் வழியாக ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டலாம் என்று அலுவலகத்தில் யாரோ சொல்கிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மறுநாளே கேள்விகள் தொடங்கிவிடுகின்றன. ஏற்பாடு செய்கிறவர்களும் நடக்கப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். துக்கம், பணம், மலை என்று கேள்வி எதைப் பற்றியதாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வரிசையில் கடைசியாக நடந்து வருகிறவருக்கு இது சரிப்படுமா?

அஞ்சலிக் கூட்டம் நடத்தினால் போதாதா? எதற்கு மலை?

போதும் என்று தோன்றினால் கூட்டத்தையே நடத்துங்கள். மலைக்கு உள்ள வசதி வேறு. கூட்டத்தில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பேசுகிற நான்கு பேரும் பெரும்பாலும் பதவியில் பெரியவர்களாக இருப்பார்கள். இறந்தவரோடு தினமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் வாயே திறக்க மாட்டார். நடக்கும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு பேர் அருகருகே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மணிக்கணக்கில் நடக்கிறார்கள். நடுவில் பேச்சு நின்றாலும் யாருக்கும் சங்கடமில்லை. அந்த நிலையில்தான் பலருக்குப் பேச்சு வருகிறது.

ஆனால் இறந்தவருக்கு மலை என்றாலே ஆகாது என்றால், தயவுசெய்து வேறு ஏதாவது செய்யுங்கள். சதுரங்கம் ஆடியவர் நினைவாகச் சதுரங்கப் போட்டி நடத்தலாம்.

குடும்பத்தாரிடம் எப்போது கேட்பது? எப்படிக் கேட்பது?

எல்லாவற்றுக்கும் முன்பு. தேதி, மலை, சுவரொட்டி எதுவும் முடிவாவதற்கு முன்பு. “எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டோம், உங்கள் சம்மதம் மட்டும் வேண்டும்” என்று போய் நிற்பது சம்மதம் கேட்பதாகாது. துக்கத்தில் இருப்பவர்களால் அந்த நிலையில் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் அனுப்ப வேண்டாம். அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒருவர் போய்க் கேட்கட்டும். பதிலை உடனே எதிர்பார்க்காமல் சில நாள் அவகாசம் கொடுக்கட்டும். கேட்க வேண்டியவை சில உண்டு. பெயரைப் பயன்படுத்தலாமா, எந்தப் புகைப்படம், பணம் எந்தக் காரியத்துக்குப் போக வேண்டும், அவர்கள் வர விரும்புகிறார்களா, இறப்பின் காரணத்தைப் பற்றி எவ்வளவு சொல்லலாம். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அதைத் தவிர்த்தால் பிறகு நன்கொடை வேண்டுகோளில் யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்ததை எழுதிவிடுவார்.

குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கலாம். வாழ்க்கைத்துணை சரி என்பார், பெற்றோர் வேண்டாம் என்பார்கள். அதில் நீங்கள் நடுவராகப் போகாதீர்கள். பெயரைப் போடாமல் நடந்துவிட்டு வாருங்கள். யாருக்காக நடக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் தற்கொலை செய்துகொண்டவர். அப்போதும் இப்படி ஒரு நடை நடத்தலாமா?

நடத்தலாம். மௌனம் காப்பதைவிட அது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் எழுதுவதிலும் பேசுவதிலும் கூடுதல் கவனம் வேண்டும். இத்தகைய இறப்புகளைப் பற்றி எழுதுவதற்கு உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. அவை உங்கள் சுற்றறிக்கைக்கும் பொருந்தும். எப்படி, எங்கே இறந்தார் என்ற விவரம் வேண்டாம். ஒற்றைக் காரணம் காட்ட வேண்டாம். “இப்போது நிம்மதி கிடைத்துவிட்டது” என்ற தொனி வேண்டவே வேண்டாம். உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவலைக் கட்டாயம் சேருங்கள். நடப்பவர்களில் யாருக்காவது அதே இருட்டு இருக்கக்கூடும். மலைக்குப் போகும் நாளில் மட்டும் அல்லாமல் அதற்கு முந்தைய, பிந்தைய வாரங்களிலும் அவர்கள் அணுகக்கூடிய ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாம் ஆண்டு நினைவு நாளிலேயே நடத்த வேண்டுமா?

நினைவு நாள் மழைக்காலத்திலோ கடும் பனியிலோ வந்தால் என்ன செய்வீர்கள்? மலைக்கு நம் நாட்காட்டி தெரியாது. பருவநிலை பார்த்துத் தேதி குறியுங்கள். நினைவு நாளன்று அலுவலகத்தில் சிறிய அளவில் ஏதாவது செய்துகொள்ளலாம். அன்றைய தினத்தைக் குடும்பத்தார் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவும் விரும்பலாம். இறந்து சில வாரங்களுக்குள் நடத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. பயிற்சிக்கு நேரமிருக்காது. பணம் கையாளும் ஏற்பாட்டைச் சரியாகச் செய்யவும் நேரமிருக்காது.

எந்த மலையைத் தேர்ந்தெடுப்பது?

பெயர் பெற்ற உச்சியைத் தேர்ந்தெடுக்கவே எல்லோருக்கும் ஆசை. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்குப் போடச் சொல்வேன். வர விரும்புகிறவர்களின் பட்டியலை எடுங்கள். அதில் உடல்தகுதி மிகக் குறைந்த மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பகல் வெளிச்சத்துக்குள் ஏறி இறங்கக்கூடிய மலை எதுவோ அதுதான் உங்கள் மலை.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நேஸ்மித் 1892இல் சொன்னது. ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். மொத்தம் 12 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 24 நிமிடம் வருகிறது. இது உடற்கட்டு உள்ள ஒருவர் எங்கும் நிற்காமல் நல்ல பாதையில் நடந்தால் ஆகும் நேரம். இருபது முப்பது பேர் கொண்ட கூட்டத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். காலணிக் கயிறு கட்ட ஒருவர் நிற்பார், படம் எடுக்க ஒருவர் நிற்பார், அழ ஒருவர் நிற்பார். ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

முன்கூட்டியே யாராவது இரண்டு பேர் அந்தப் பாதையில் முழுவதும் நடந்து பார்த்துவிட வேண்டும். நுழைவு அனுமதி தேவையா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம், வழியில் தண்ணீர் உண்டா, தொலைபேசி இணைப்பு எங்கே அறுந்துபோகிறது, அவசரமானால் எந்த இடத்திலிருந்து விரைவாக இறங்கலாம் என்பவை வரைபடத்தில் முழுமையாகத் தெரியாது.

கிளிமஞ்சாரோ போன்ற பெரிய மலைக்குப் போனால் நன்கொடை அதிகம் வருமே?

வரலாம். ஆனால் கிளிமஞ்சாரோவின் உயரம் 5,895 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர நோய் வரக்கூடும். தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை என்று தொடங்கும். திடகாத்திரமானவருக்கு வராது என்று நினைப்பது தவறு. வேகமாக ஏறுகிற இளைஞர்தான் பல நேரம் முதலில் படுக்கிறார். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் இறக்கிவிட வேண்டும். இறங்குவதைத் தள்ளிப்போட எந்த மாத்திரையும் சாக்காகக் கூடாது.

என் தயக்கம் வேறு இடத்தில். அப்படிப்பட்ட பயணத்துக்கு விடுப்பும் வசதியும் உடல்நிலையும் உள்ள ஐந்தாறு பேர்தான் போக முடியும். மற்றவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பார்கள். இறந்தவர் எல்லோருக்கும் சக ஊழியர். பயணச் செலவையும் பாருங்கள்: திரட்டும் தொகையைவிட அது அதிகமானால், அந்தப் பணத்தை நேராகவே கொடுத்திருக்கலாமே என்று யாராவது கேட்பார். நியாயமான கேள்விதான்.

எனக்கு நடந்து பழக்கமில்லை. எப்படித் தயாராவது?

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இருந்தால் நல்லது. வாரத்தில் மூன்று நாள் நடங்கள். அதில் ஒரு நாள் நீண்ட நடை. படிக்கட்டு கிடைத்தால் ஏறுங்கள், அதே கவனத்தோடு இறங்கவும் செய்யுங்கள். இறக்கத்தை யாரும் பயில்வதில்லை. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகின்றன. பழக்கமில்லாத தசைக்கு அந்த வேலைதான் அதிகச் சேதம் விளைவிக்கிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் முழங்காலின் சுமை குறையும்.

கடைசி சில வாரங்களில், அன்று சுமக்கப் போகும் பையைத் தண்ணீரோடு முதுகில் போட்டு நடந்து பாருங்கள். புதிய காலணியை மலையன்று முதல்முறையாகப் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பளபளக்கும் காலணியோடு வந்து நிற்பார். கால் விரலிலோ குதிகாலிலோ சூடாக உரசுவது தெரிந்தவுடன் நின்று, அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை போட்டுவிடுங்கள். கொப்புளம் வந்தபின் செய்யக்கூடியது குறைவு.

உடல்நலப் பிரச்சினை இருந்தால் அலுவலகத்திடம் சொல்ல வேண்டுமா?

இதயநோய், ஆஸ்துமா, நீரிழிவு, வலிப்பு, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அன்று உங்கள் குழுவை அழைத்துச் செல்லும் முதலுதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலதிகாரிக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஏற்பாட்டாளர்கள் இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில் ‘நோய்கள்’ என்று ஒரு கட்டம் வைத்துவிடுகிறார்கள். யார் அதை உண்மையாக நிரப்புவார்? விவரங்களை உறையில் வாங்கி, முதலுதவியாளர் மட்டும் படித்து, நடை முடிந்ததும் அழித்துவிடுங்கள். மருந்து எடுப்பவர் அதைத் தன் கையோடு வைத்திருக்க வேண்டும், வண்டியில் விட்டுவிடக் கூடாது.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துச் செல்வது?

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. காற்று வீசினால் உடலுக்கு இன்னும் குளிரும். அதனால் ஒரே தடித்த சட்டைக்குப் பதில், போட்டுக் கழற்றக்கூடிய மெல்லிய அடுக்குகள் வேண்டும்: உடலோடு ஒட்டி வியர்வையை வெளியேற்றும் ஒன்று, சூட்டைத் தக்கவைக்கும் ஒன்று, மேலே மழையும் காற்றும் புகாத ஒன்று. பருத்தி வேண்டாம். பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே, இறந்தவரின் படம் போட்டு எல்லோருக்கும் பருத்தி டீ-ஷர்ட் அச்சிடும் யோசனையை இங்கேயே கைவிடுங்கள். சிறு துணிப்பட்டையைப் பையில் கட்டிக்கொண்டால் போதும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது ஆபத்து. அதற்குக் கடும்பனி தேவையில்லை; ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தாலே போதும். நடுக்கம், உளறல், தடுமாற்றம், பொத்தான் போட முடியாத விரல்கள் என்று அறிகுறிகள் வரும். பாதிக்கப்பட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள்.

தண்ணீர், உணவு, தொப்பி, தலைவிளக்கு, உதிரி மின்கலம், வரைபடம் ஆகியவற்றோடு ஒரு விசிலும் வேண்டும். ஆபத்துக்கு அழைக்க ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார். ஆல்ப்ஸ் மலையேற்றக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்துக்கொண்ட முறை இது. விளக்கொளியாலும் இதையே செய்யலாம். புறப்படுவதற்கு முன் எல்லோரையும் ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்பு வரும். அந்த நாளில் வருகிற முதல் சிரிப்பாக அதுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கூட்டத்தை எப்படி நடத்திச் செல்வது?

எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே ஒருவர், பின்னே ஒருவர். பின்னே வருகிறவர் அனுபவம் மிக்கவராக இருக்க வேண்டும். வழக்கமாக நேர்மாறாகச் செய்கிறார்கள். வேகமானவர் முன்னே போய்விடுகிறார், பின்னால் வருபவர் யார் என்று யாருக்கும் தெரிவதில்லை. கடைசி ஆளுக்கும் பின்னால்தான் அந்த அனுபவசாலி நடக்க வேண்டும். அவருக்கு முன்னால் போக அனுமதியில்லை.

முன்னே போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். மெதுவாக வருகிறவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்தவுடன், “வந்துவிட்டீர்களா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. கடைசி ஆள் வந்து உட்கார்ந்தபின்தான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று முன்பே அறிவித்துவிடுங்கள். பதவியில் பெரியவர் முன்னே நடக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அடிவாரத்திலேயே விட்டுவிடலாம்.

நடக்க முடியாதவர்களுக்கு அடிவாரத்தில் உண்மையான பொறுப்புகள் உண்டு. யார் ஏறினார், யார் இறங்கினார் என்ற கணக்கை வைத்திருப்பது, குறித்த நேரத்துக்குள் குழு திரும்பாவிட்டால் மீட்புக்குழுவை அழைப்பது, குடும்பத்தாரோடு இருப்பது. ஆறுதலுக்காகக் கொடுக்கும் வேலையாக இதை நினைக்காதீர்கள். அந்தக் கணக்கு இல்லாமல் யாரும் மலையேறவே கூடாது. முடிந்தால், சக்கர நாற்காலி செல்லக்கூடிய ஒரு சிறு பாதையையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்கும் குறைவு என்றால் மின்னல் சுமார் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உச்சியிலிருந்தும் முகட்டிலிருந்தும் உடனே இறங்குங்கள். தனி மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள். மலைகளில் பிற்பகலில்தான் இடிமேகம் திரளும் வாய்ப்பு அதிகம் என்பதால் விடியற்காலையில் புறப்படுவது நல்லது.

பணத்தை யார் வாங்குவது, எங்கே வைப்பது?

நடை எப்படி நடந்தது என்பதை ஒரு வருடத்தில் மறந்துவிடுவார்கள். பணத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அதை மறக்கவே மாட்டார்கள். அந்தச் சந்தேகம் இறந்தவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

மிகச் சுத்தமான வழி, பணம் உங்கள் கைக்கே வராமல் இருப்பது. பதிவு பெற்ற, ஆண்டுக் கணக்கை வெளியிடுகிற ஓர் அறக்கட்டளையைத் தேர்ந்தெடுத்து, நன்கொடையாளர்கள் நேரடியாக அதன் கணக்குக்கே அனுப்பும்படி செய்யுங்கள். ரசீதை அவர்களே கொடுப்பார்கள், வரிச் சலுகை உண்டா என்பதையும் அவர்களே சொல்வார்கள். அது முடியாதபோது தனியாக ஒரு வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அந்த இருவரில் ஒருவர் ஏற்பாட்டுக் குழுவுக்கு வெளியே இருப்பவர். யாருடைய சொந்தக் கணக்கிலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. ரொக்கமாக வாங்கினால் அப்போதே எண்ணிட்ட ரசீது.

போக்குவரத்து, வழிகாட்டி, காப்பீடு ஆகியவற்றின் செலவு எங்கிருந்து வருகிறது என்று முதல் வேண்டுகோளிலேயே எழுதுங்கள். நடப்பவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்று, நன்கொடை முழுவதையும் காரியத்துக்கு அனுப்புவதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. நிறுவனம் செலவை ஏற்றால் இன்னும் நல்லது. நடை ரத்தானால் பணம் என்னவாகும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.

அந்தக் குடும்பமே பணமில்லாமல் இருக்கிறது. அவர்களுக்கே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதை அறப்பணி என்று சொல்லித் திரட்டாதீர்கள். பொதுக் காரியத்துக்குத் தருவதும் ஒரு குடும்பத்துக்கு உதவுவதும் சட்டத்தின் முன் பல நாடுகளில் வெவ்வேறு. கொடுப்பவரின் மனத்திலும் வெவ்வேறுதான். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனி உண்டியல், இரண்டு தனி வேண்டுகோள். குடும்பத்துக்கான உதவியில் விளம்பரம் வேண்டாம். எவ்வளவு திரண்டது என்ற பேச்சு அலுவலக வராந்தாவில் சுற்றக் கூடாது. குடும்பம் அதை ஏற்கச் சம்மதிக்கிறதா என்று கேட்காமல் திரட்டத் தொடங்கவும் வேண்டாம்.

‘ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்று நன்கொடை கேட்கலாமா?

பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். தொகையைத் தூரத்தோடும் உச்சியோடும் கட்டிவிட்டால், கணுக்கால் சுளுக்கியவர் நடந்துகொண்டே இருப்பார், மேகம் கறுத்தபின்னும் குழு ஏறிக்கொண்டே இருக்கும். நடக்க முடியாதவரைப் பணத்தைக் காட்டி நடக்க வைப்பது, அதுவும் இறந்த ஒருவர் பெயரில், என்னால் ஏற்க முடியாதது.

பாதியில் நின்றால் கொடுப்பவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயமும் தேவையற்றது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் புற்றுநோய்க்கு ஒரு காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட 1980இல் நாட்டின் குறுக்கே செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுகரையை அவர் அடையவில்லை. அவர் நிறுத்திய பிறகுதான் நன்கொடை குவிந்தது. கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்று அவர் வைத்திருந்த இலக்கு 1981 பிப்ரவரியில் எட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். அவர் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை.

நன்கொடை கொடுக்காதவர்கள், வராதவர்கள் பற்றி?

ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை ஒட்டாதீர்கள். மேலதிகாரி தன் கீழே வேலை செய்பவரிடம் நேரில் நன்கொடை கேட்கக் கூடாது. ‘விருப்பம் இருந்தால் மட்டும்’ என்று அவர் சொன்னாலும் கேட்பவருக்கு அது உத்தரவாகத்தான் விழும். வேலை நாளில் நடத்தினால் வராதவர்களின் விடுப்பைக் கழிக்கக் கூடாது.

அவருக்கும் எனக்கும் ஒத்தே போகாது. நான் வரலாமா?

வாருங்கள். சண்டை போட்ட ஒருவர் இறந்துவிட்டால், அந்தச் சண்டையை முடித்துவைக்க ஆள் இல்லாமல் போகிறது. நெருங்கிய நண்பர்களின் துக்கத்துக்கு எல்லோரும் இடம் கொடுக்கிறார்கள். உங்கள் மாதிரியானவர்களின் துக்கத்துக்கு இடமே இருப்பதில்லை. யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பேச அழைத்தால் மறுத்துவிடலாம். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு சொல்: யார் வந்திருக்கிறார் என்று புருவம் உயர்த்தாதீர்கள்.

வழியில் யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். குழு மெதுவாக நகரட்டும், ஒருவர் கூட இருக்கட்டும், பின்னே வரும் அனுபவசாலி அவர்களுக்கும் பின்னால் நிற்கட்டும். “தைரியமாக இருங்கள்” என்று யாரும் சொல்ல வேண்டாம். களைப்பும் பசியும் அழுகையைக் கூட்டும் என்பதால் ஏதாவது சாப்பிடக் கொடுத்துப் பாருங்கள். அவர் தனியாக நடக்க விரும்பினால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நடக்கலாம், அதற்கு அப்பால் கூடாது. இறங்க விரும்பினால் இரண்டு பேர் கூடப் போக வேண்டும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

பாதை அனுமதித்தால், பெற்றோர் பொறுப்பில் வரலாம். இறந்தவரின் குழந்தைகள் வந்தால் அவர்களைக் கூட்டத்தின் நடுவே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். மற்றக் குழந்தைகளோடு ஓடியாடட்டும்.

உச்சியில் என்ன செய்வது?

முடிந்த அளவு குறைவாக. காற்று பலமாக இருந்தால் யார் பேசினாலும் கேட்காது. வியர்வையில் நனைந்த உடல் நிமிடங்களில் குளிர்ந்துவிடும். எல்லோரும் மேலே ஓர் அடுக்கு உடுத்தியபின், பெயரைச் சொல்லி, ஒருவர் மட்டும் சில வரிகள் பேசி, சிறிது நேரம் அமைதியாக நின்றால் போதும். நீண்ட பேச்சுகளை அடிவாரத்தில், உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பலகை, கல் குவியல், நெகிழி மலர், பாறையில் எழுத்து எதுவும் விட்டுவர வேண்டாம். பலூனும் பறக்கும் விளக்கும் எங்கோ ஒரு விலங்கின் வயிற்றிலோ காட்டுத்தீயிலோ போய் முடியும். அஸ்தியைத் தூவும் எண்ணம் குடும்பத்துக்கு இருந்தால் நிலத்தை நிர்வகிப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அஸ்தியில் உள்ள பாஸ்பேட்டும் கால்சியமும் சத்துக் குறைந்த மலை மண்ணில் சேர்ந்தால் அங்கே வளரும் சிறு செடிகளைப் பாதிக்கும் என்பதால் பெயர் பெற்ற உச்சிகளைத் தவிர்ப்பதே நல்லது. பழத்தோல் உட்பட எல்லாக் குப்பையும் கீழே வர வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, பதினைந்து இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், பிறகு அந்த ஓடையில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

உச்சியை அடையாமல் திரும்பினால்?

திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துவிடுங்கள். ‘பிற்பகல் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்’ என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டால், மேலே போய் வாக்குவாதம் வராது. “அவருக்காக இன்னும் கொஞ்சம்” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த வாக்கியத்துக்கு எதிராகப் பேசுவது கடினம் என்பதால்தான் முடிவைக் கீழேயே எடுக்கச் சொல்கிறேன். நன்கொடையாளர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுங்கள்: வானிலை மாறியது, இந்த இடம்வரை போய்த் திரும்பினோம், எல்லோரும் நலம்.

ஒவ்வோர் ஆண்டும் நடத்த வேண்டுமா?

முதல் ஆண்டு முடிவில் உணர்ச்சிப் பெருக்கில் ‘இனி ஆண்டுதோறும்’ என்று அறிவித்துவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டு வருபவர் குறைவார்கள். மூன்றாம் ஆண்டு, இறந்தவரைப் பார்த்தே இராத புதிய ஊழியர்கள் வருவார்கள். அவர்களுக்கு அது ஒரு சுற்றுலா. அதில் தவறில்லை, ஆனால் குடும்பத்தார் அதைப் பார்த்து வருந்தக்கூடும். மாறாக, புதியவர்களும் வருவதைப் பார்த்து அவர்கள் மகிழவும் கூடும். கேட்காமல் தெரியாது. எனவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அவர்களிடம் கேட்டு, அந்த ஆண்டுக்கு மட்டும் முடிவெடுங்கள்.

நிறுத்துவது என்று முடிவானால் அதை அவர்கள் வேறு யாரிடமிருந்தோ கேள்விப்படக் கூடாது. முதன்முதலில் சம்மதம் கேட்கப் போனவரே போய்ச் சொல்லட்டும். கணக்கில் மீதமிருப்பதை அறக்கட்டளைக்கு அனுப்பி, கணக்கை மூடி, மொத்தம் எவ்வளவு திரண்டது, எங்கே போனது என்று ஒரு பக்கத்தில் எழுதி, கடைசி ரசீதின் நகலோடு அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.